பார்க்கின்சன் நோயும் 'போய்ச் சேர்ந்தால் நல்லம்' என்ற பேச்சும்: ஓர் எளிய விளக்கம்

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா இருக்கிறார். வயது எழுபதுக்குக் கொஞ்சம் மேல். வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும், விதைநெல்லை நெருடிப் பார்ப்பதுபோல. நெல் விற்ற காசை எடுக்க வங்கிக்குப் போனபோது கையெழுத்துப் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுத்து அந்தளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார், பார்க்கின்சன் என்று தெரிந்தது.

கை நடுக்கத்தைப் பற்றி ஒழுங்கை முழுக்கக் கதைத்தது. ஆனால் அவர் விறாந்தையில் இருந்தபடி "போய்ச் சேர்ந்தால் நல்லம்" என்று சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வயது போன மனுசன், மகனைத் தொலைத்தவர், அப்படித்தான் கதைப்பார் என்று விட்டுவிட்டோம். நானும் விட்டேன்.

இந்தக் கட்டுரை அந்தப் பேச்சைப் பற்றியது. பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவதுண்டு. அது ஏன் வருகிறது, அதில் நோயின் பங்கு எவ்வளவு, வீட்டிலிருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதை மருத்துவம் படிக்காதவருக்கும் விளங்குகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். வாசிக்கிற உங்களுக்கே இப்போது அப்படி ஓர் எண்ணம் இருந்தால், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். முதலில் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம்.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது

1817 இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் இந்த நோயை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். பிறகு அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. நம் பக்கத்தில் நடுக்குவாதம் என்றும் சொல்வார்கள். குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு இந்த நோய் இருப்பது 1984 இல் தெரியவந்தது. அவர் 2016 வரை வாழ்ந்தார். பார்க்கின்சன் என்ற சொல்லைக் கேட்டதும் நாளைக்கே எல்லாம் முடிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களிடம் இந்த 32 ஆண்டுக் கணக்கைத்தான் நான் முதலில் சொல்வேன்.

மூளையில் நடப்பதை விளங்கிக்கொள்ள எங்கள் இரணைமடுக் குளத்தை நினையுங்கள். குளத்தில் நீர் இருந்தால், துருசைத் திறந்ததும் வாய்க்கால் வழியே வயலுக்குப் பாயும். மூளையின் ஆழத்தில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்புக் கலங்கள் டோபமின் என்ற இரசாயனத்தைச் செய்கின்றன. ஒரு நரம்புக் கலம் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்ப உதவும் பொருள் அது. கையை நீட்டு, காலை எடுத்து வை, சிரி என்ற கட்டளைகள் தடங்கலில்லாமல் ஓட டோபமின் வேண்டும். பார்க்கின்சன் நோயில் அந்தக் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. கை நடுங்கத் தொடங்குகிற நேரத்தில் அவற்றில் பாதியோ அதற்கு மேலோ ஏற்கனவே போயிருக்கும். குளம் வற்றுவது கடைக்கோடி வயல் காயும்போதுதானே ஊருக்குத் தெரியவருகிறது.

எல்லோருக்கும் நடுக்கம் வருவதில்லை. சிலருக்கு உடம்பு விறைக்கும். சிலருக்கு எல்லாமே மெதுவாகிவிடும், சேட்டுத் தெறி பூட்டவே பத்து நிமிடம் போகும். நடக்கும்போது கால் நிலத்தில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுபவர்களும் உண்டு.

கவலையும் அதே குளத்தில்தான்

குளத்து நீர் ஒரு வாய்க்காலில் மட்டும் ஓடுவதில்லை. டோபமினும் அப்படித்தான். ஒரு வேலையில் வருகிற ஆசை, எழும்பிப் போய்ச் செய்வோம் என்ற உந்துதல், காலைத் தேத்தண்ணி தருகிற சின்னச் சந்தோசம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். பக்கத்துக் குளங்களும் சேர்ந்து வற்றுகின்றன. மனநிலையைச் சமனாக வைத்திருக்க உதவும் செரட்டோனின், நோரட்ரினலின் என்ற வேறு இரண்டு இரசாயனங்களைச் செய்யும் கலங்களையும் இந்த நோய் தாக்குகிறது.

அதனால் வருவதுதான் மனச்சோர்வு. இரண்டு கிழமைக்கு மேலாக, அநேகமாக நாள் முழுக்க, மனம் இருண்டு கிடப்பதையும் முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவதையும் மருத்துவத்தில் மனச்சோர்வு என்கிறார்கள். கூடவே, தான் எதற்கும் உதவாதவன் என்ற நினைப்பும் வரும். பார்க்கின்சன் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கவனிக்க வேண்டிய அளவில் இதன் அறிகுறிகள் உண்டு. பதகளிப்பும் கிட்டத்தட்ட அதேயளவு பேருக்கு இருக்கிறது. பதகளிப்பு என்பது, காரணம் தெரியாமல் நெஞ்சு படபடத்து, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று மனம் அந்தரப்படும் நிலை.

'நோய் வந்துவிட்டதே என்று கவலைப்படுகிறார்' என்றுதான் எல்லோரும் சொல்வோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மனச்சோர்வு வந்தவர்கள் இருக்கிறார்கள். நோய் இருப்பதே தெரியாத காலத்தில் நோயை நினைத்து எப்படிக் கவலைப்பட்டிருக்க முடியும்? மூளைக்குள் நடந்த மாற்றம் அப்போதே மனதைத் தொட்டுவிட்டது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கையை நடுங்க வைக்கிற அதே நோய் மனதையும் சோர வைக்கிறது. மனம் சோர்ந்தவரை 'மனத்தைத் திடமாக வைத்திருங்கோ' என்று அதட்டுவது, கை நடுங்குகிறவரிடம் 'நடுங்காமல் பிடியுங்கோ' என்று சொல்வதைப் போன்றது.

பவுசர் வரும்வரை

பார்க்கின்சனுக்கு முக்கியமான மருந்து லெவோடோபா. குளிசையாக விழுங்கினால் மூளைக்குள் போய் டோபமினாக மாறும். வறட்சிக் காலத்தில் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து தருவார்களே, அதைப்போலத்தான். பவுசர் வந்தால் குடம் நிறையும். ஆனால் அடுத்த பவுசர் வருமுன் குடத்தின் அடி தெரியத் தொடங்கிவிடும். நோய் முற்ற முற்றக் குடமும் சின்னதாகிக்கொண்டு போகும். முன்பு ஆறு மணித்தியாலம் தாங்கிய குளிசை பிறகு மூன்று, நான்கு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். மருந்தின் வேலை இப்படித் தீர்ந்துபோன இடைவெளியை 'ஓஃப் நேரம்' என்பார்கள்.

அந்த நேரத்தில் கை கால் விறைப்பதை வீட்டில் எல்லோரும் காண்கிறார்கள். மனமும் அதே நேரத்தில் விழுவதைக் காண்பவர் குறைவு. சிலருக்கு ஓஃப் நேரத்தில் பதகளிப்பு உச்சத்துக்குப் போகும், 'இனி என்னால் ஏலாது' என்ற நினைப்பு முழுசாக மூடிக்கொள்ளும். அடுத்த குளிசை வேலை செய்யத் தொடங்கியதும் அது விலகும். ஒரே ஆள் விடியற்காலையில் சாவைப் பற்றிக் கதைப்பார், பத்து மணிக்கு மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாச்சா என்று கேட்பார். 'நடிக்கிறார்' என்று வீட்டில் யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றி இந்த இடைவெளியைக் குறைக்க வைத்தியரால் முடியும். ஆனால் குளிசையை நாமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்துவது உடம்புக்கும் மனத்துக்கும் ஆபத்து. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எத்தனை வீடுகளில் அலைந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். கையிருப்பு முடிய ஒரு கிழமை இருக்கும்போதே தேடத் தொடங்குவது நல்லது.

அசையாத முகம்

ஒருவர் கவலையாக இருப்பதை நாம் முகத்தில்தான் படிக்கிறோம். பார்க்கின்சன் அந்த ஏட்டையே அழித்துவிடுகிறது. முகத்தசைகள் விறைத்து, கண் இமைப்பது குறைந்து, சிரிப்பும் அழுகையும் வெளியே தெரியாமல் போகும். இதற்கு 'முகமூடி முகம்' என்று பெயர். குரலும் தணிந்து ஒரே சுதியில் வரும். உள்ளே நன்றாக இருக்கிற ஒருவர் வெளியே சோகமாகத் தெரியலாம். உள்ளே உடைந்து கிடப்பவர் வெளியே வழமைபோலத் தெரியலாம்.

நித்திரைக் குறைவு, மெலிவு, களைப்பு, மெதுவான பேச்சு எல்லாம் பார்க்கின்சனிலும் வரும், மனச்சோர்விலும் வரும். அதனால் கிளினிக்கில் ஐந்து நிமிடம் பார்க்கிற வைத்தியருக்கும் தவறிப்போகலாம். வீட்டிலிருப்பவர்களின் கண்தான் இங்கே பெரிய கருவி. என் அனுபவத்தில் ஆளைக் காட்டிக்கொடுப்பது சொற்கள்தான்: "என்னால உங்கள் எல்லாருக்கும் கரைச்சல்", "இனி என்னத்துக்கு". பிடித்த கோயில் திருவிழாவுக்கும் போக மாட்டேன் என்பது, பொருள்களைப் பிரித்துக் கொடுப்பது, காணி உறுதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் பொறுப்புச் சொல்வது எல்லாம் கவனிக்க வேண்டியவை.

ஆபத்து எவ்வளவு?

ஒருகாலத்தில் பார்க்கின்சன் உள்ளவர்களிடம் உயிர்மாய்ப்புக் குறைவு என்று சொன்ன ஆய்வும் இருந்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் படத்தை மாற்றின. 2021 இல் வெளிவந்த தாய்வான் ஆய்வில், நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்தது.

இரண்டு மடங்கு என்றதும் பயந்துவிடாதீர்கள். உதாரணத்துக்கு, பத்தாயிரம் பேரில் ஒருவர் என்றிருந்தது இருவர் ஆகிறது என்று வையுங்கள். மிச்சம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டுப் பேரும் நோயோடு வாழ்ந்துகொண்டுதான் இருப்பார்கள். ஆனால் அந்த எண்ணம் மட்டும் வந்துபோகிறவர்கள் மிக அதிகம், ஐந்தில் ஒருவர் அளவில் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதாவது இந்த எண்ணத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல், குளிசையும் போட்டுக்கொண்டு இருப்பவர்கள் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள்.

மனச்சோர்வு இருந்தால் ஆபத்துக் கூடும். முன்பு ஒரு தடவை முயன்றிருந்தாலும் கூடும். பொதுவாகவே நரம்பு நோய்களில், இன்ன நோய் என்று பெயர் சொல்லப்பட்ட முதல் சில மாதங்கள்தான் ஆள் மிகவும் தளர்ந்துபோகும் நேரம். மூளைக்குள் மின்முனை பொருத்தும் சத்திரசிகிச்சையை இந்தியாவுக்கோ வேறெங்குமோ போய்ச் செய்துகொள்பவர்கள் இருந்தால், அதன் பிறகான முதல் ஆண்டில் மனநிலையையும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

வன்னியில் இது ஏன் இன்னும் மறைகிறது

இங்கே கவலைக்குக் காரணம் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. போர் முடிந்த 2009 மே மாதத்தைக் கடந்து வந்த எந்த வீட்டிலும் ஒரு படம் மாலையோடு தொங்கும். மாலை போடவும் மனம் வராமல், போடாமல் இருக்கவும் முடியாமல் வைத்திருக்கும் படங்களும் உண்டு. எங்கள் ஐயாவின் வீட்டில் இருப்பது அந்த இரண்டாவது வகைப் படம். மகன் எங்கே என்று இன்றுவரைக்கும் பதிலில்லை.

அதனால்தான் நாம் ஏமாந்தோம். காரணம் கண்ணுக்கு முன்னால் தொங்கும்போது இன்னொரு காரணத்தை யார் தேடுவார்? காணாமல் போன பிள்ளைக்காகத் தகப்பன் படும் துயரம் நோய் கிடையாது. அதற்குக் குளிசையும் கிடையாது, அதற்கு வேண்டியது பதில். ஆனால் அந்தத் துயரத்தோடு இத்தனை வருசம் வயல் செய்தவர், பேத்திக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவர், கடந்த ஒரு வருசத்துக்குள் ஏன் வேலிக்கு வெளியே வராமல் போனார் என்று கேட்டிருக்க வேண்டும். துயரம் பழையது. மாற்றம் புதியது. அந்தப் புதிய மாற்றத்தை வைத்தியரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று, மனநல கிளினிக் என்றால் 'விசர்க் கிளினிக்' என்று சொல்கிற நம் வாய். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து வராமல் இருப்பவர்கள் எத்தனை பேர்! பத்திரிகைகளில் 'தவறான முடிவெடுத்து' என்று எழுதும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. மனச்சோர்வு முற்றிய ஒருவர் ஆற அமர யோசித்து முடிவெடுப்பதில்லை. நோய் மற்ற வழிகளையெல்லாம் அவர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அவர் மேல் பழி போடுகிற சொல்லைப் பார்த்தபின், அதே எண்ணத்தோடு இருக்கும் அடுத்தவர் வாய் திறப்பாரா?

பொலிசுக்குப் பயந்து மறைப்பவர்களும் உண்டு. உயிர்மாய்ப்பு முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல. தயங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். 1990 அம்புலன்சுக்குக் காசும் இல்லை.

நேரே கேளுங்கள்

'கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ' என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்பதால் எண்ணம் வளர்வதில்லை, பலருக்கு மனப்பாரம் குறைகிறது.

ஐயாவின் மகள் கேட்ட விதத்தை அப்படியே சொல்கிறேன். ஒரு பின்னேரம் அவருக்குப் பக்கத்தில், முகத்துக்கு நேரே இல்லாமல் ஒரே திசையைப் பார்த்து, சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாள். "அப்பா, உயிரோட இருக்க வேண்டாம் எண்டு யோசனை வருதோ?" என்று கேட்டாள். அவர் பேசவில்லை. அவள் திரும்பக் கேட்கவில்லை, பேச்சை மாற்றவும் இல்லை. பார்க்கின்சன் உள்ளவருக்கு மறுமொழி வாய்க்கு வரவே நேரமெடுக்கும், அவசரப்பட்டால் அது உள்ளேயே போய்விடும். ஒரு சுளகு முடிந்து அடுத்த சுளகு பாதிக்கு வந்தபோது சொன்னார்: "ஓம் பிள்ளை. விடியப்புறத்தில வருது."

அவள் அழவில்லை, 'ஏன் அப்பா இப்படி யோசிக்கிறியள்' என்று ஏசவுமில்லை. "சொன்னது நல்லம் அப்பா. நாங்கள் டொக்டரிட்டக் கேப்பம்" என்றாள்.

சாவு வந்தால் நல்லம் என்பது ஒரு நிலை. தானே உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும் என்பது அடுத்த நிலை. எப்படி, எப்போது என்று திட்டம் வைத்திருப்பது அதற்கும் மேலே. முதலாவது நிலையிலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். திட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் ஆளைத் தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பூட்டு

வயல் செய்கிற வீட்டில் கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. வயலுக்கு அடிக்கும் மருந்துகளைப் பூட்டி வையுங்கள், முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். ஆஸ்பத்திரிக் குளிசைகளையும் ஒருவர் பொறுப்பில் வைத்து வேளைக்கு வேளை எடுத்துக் கொடுங்கள். நினைத்தவர் எப்படியும் செய்வார் என்று சொல்வார்கள். இலங்கையின் கணக்கு வேறு கதை சொல்கிறது. 1995 இல் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர் உயிரை மாய்த்துக்கொண்ட நாடு இது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தபின், பத்து ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டும் வேகம் மனதில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. கையெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அந்த நேரம் கடந்துபோகிறது. விடியப்புறம் போய், பத்து மணி வந்துவிடும்.

கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டியவை

பார்க்கின்சனோடு வரும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. மனச்சோர்வுக் குளிசைகள் பயன் காட்டச் சில கிழமைகள் ஆகும், நான்காம் நாளே 'ஒண்டும் நடக்கேல்லை' என்று நிறுத்திவிடாதீர்கள். எண்ணங்களை ஒழுங்குபடுத்தப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையும் உதவுகிறது. உடற்பயிற்சியும் மனத்துக்கு நல்லது, வரப்பில் ஒரு நடை என்றாலும். எந்த வைத்தியரிடம் போனாலும் பார்க்கின்சன் இருக்கிறது என்று சொல்லிக் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். வாந்திக்குத் தரும் சில மருந்துகளும் சில மனநோய் மருந்துகளும் நடுக்கத்தைக் கூட்டிவிடும்.

ஐயாவின் பேத்தி தன் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் பத்து நாள் எழுதினாள். இடது பக்கம் குளிசை போட்ட நேரம், வலது பக்கம் தாத்தா எப்படி இருந்தார் என்று. 'காலை 4.30. எழும்பி இருக்கிறார். கதைக்கேல்லை. காலை 6.00. குளிசை. காலை 6.50. தேத்தண்ணி கேட்டார்.' பத்து நாளும் அதே மாதிரி. வைத்தியர் அந்தக் கொப்பியை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். இரவுக் குளிசையிலும் காலைக் குளிசையிலும் மாற்றம் செய்தார். அதே கட்டடத்தில் இருந்த மனநல கிளினிக்குக்கும் துண்டு எழுதிக் கொடுத்தார். மகள் கூடவே போனாள்.

பேத்தி எழுதுவதை நிறுத்தவில்லை. மூன்று மாதம் கழித்து எனக்குக் கொப்பியைக் காட்டினாள். அன்றைய பக்கத்தில் கடைசி வரி இப்படி இருந்தது: 'பின்னேரம் 5.10. வேலிக்கு வெளியில வந்து, நெல் என்ன விலை போகுது எண்டு கேட்டார்.'